14 புள்ளியிலிருந்து 34 வரை: சீரி ஏ-யில் குரோத்தோனேயின் முதல் சீசன்

2017 மார்ச் 19. இத்தாலியக் கால்பந்தின் முதல் டிவிஷனான சீரி ஏ-யில், சொந்த மைதானத்தில் ஃபியோரன்டினாவிடம் ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு கோல் வாங்கி 0-1 என்று தோற்றது குரோத்தோனே. அன்றோடு 29 ஆட்டங்கள் முடிந்திருந்தன. வெற்றி 3, டிரா 5, தோல்வி 21. புள்ளி வெறும் 14. 20 அணிகளில் கடைசி மூன்றும் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கும். பாதுகாப்பான கடைசி இடத்தில், அதாவது 17-ஆவது இடத்தில், எம்போலி 22 புள்ளியோடு உட்கார்ந்திருந்தது. மிச்சம் 9 ஆட்டம்.

அந்த 9 ஆட்டங்களில் குரோத்தோனே எடுத்த புள்ளி 20. மே 28 இரவு 34 புள்ளியோடு தப்பித்தது. 32 புள்ளியோடு எம்போலி கீழே போனது. இத்தாலியப் பத்திரிகைகள் இதை அதிசயம் என்றே எழுதின. அந்த சீசனின் 38 முடிவுகளையும் ஒரே தாளில் வரிசையாக எழுதி வைத்துப் பார்த்தால் அதிசயத்தின் பங்கு பாதிதான் என்று தெரியும். மீதிப் பாதியை, ஏதாவது ஒரு சின்னக் கிளப்பைப் பின்தொடர்கிறவர்களும் நடத்துகிறவர்களும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

முதலில் ஊர். கலாப்ரியாவின் அயோனியக் கடலோரத்தில், சுமார் 60,000 பேர் வாழும் நகரம். பித்தாகரஸ் பள்ளி நடத்திய பழைய கிரேக்கக் குரோத்தோன் இதுதான்; அணிக்கு ‘பித்தாகரஸ்காரர்கள்’ என்று பட்டப்பெயர் வந்தது அதனால். கலாப்ரியாவிலிருந்து இதற்கு முன் சீரி ஏ-க்கு வந்தவை கதன்சாரோவும் ரெஜினாவும் மட்டுமே. ஊருக்குப் பக்கத்தில் இருந்த சிறிய விமான நிலையம், அதை நடத்திய நிறுவனம் திவாலாகி, சீசன் நடுவே 2016 நவம்பரில் மூடப்பட்டது. அதன்பின் ஒவ்வொரு வெளியூர் ஆட்டத்துக்கும் சுமார் 100 கிலோமீட்டர் பஸ்ஸில் லமேசியா போய்த்தான் விமானம் ஏற வேண்டும். கடலோரமாகப் போகும் 106-ஆம் எண் மாநில நெடுஞ்சாலை விபத்துகளுக்குப் பேர்போனது. மிலானிலோ டுரினிலோ இருக்கும் கிளப்புக்கு இந்தத் தலைவலி இல்லை. இரவு ஆட்டம் முடிந்து விடிகாலையில் ஊர் வந்து சேர்கிற அணிக்கு மறுநாள் பயிற்சி என்பது பெயருக்குத்தான்.

அடுத்தது மைதானம். எட்சியோ ஷீதா மைதானத்தைப் பெரிதாக்காமல் சீரி ஏ ஆட்டம் நடத்த முடியாது. பெரிதாக்கலாம் என்றால் மண்ணுக்கு அடியில் பழைய கிரேக்க நகரத்தின் எச்சங்கள். தொல்லியல் துறையின் ஒப்புதல் இல்லாமல் ஒரு கம்பி நட முடியாது. கடைசியில் கழற்றி எடுக்கக்கூடிய இரும்புக் கேலரிகளுக்குத் தற்காலிக அனுமதி வாங்கி, இருக்கைகளை 16,000-க்கு மேல் கொண்டுவந்தார்கள். ஆனால் வேலை முடிய அக்டோபர் கடைசி ஆகிவிட்டது. அதுவரை ‘ஹோம்’ ஆட்டங்கள் 500 கிலோமீட்டருக்கும் அப்பால் பெஸ்காராவில். ஜெனோவாவிடம் 1-3, பலேர்மோவோடு 1-1, அட்டலாண்டாவிடம் 1-3. மூன்று ஹோம் ஆட்டத்தில் 9-க்கு 1 புள்ளி. ஜெனோவாவும் பலேர்மோவும் அந்த சீசனில் இவர்களோடு சேர்ந்து அடியில் கிடந்த அணிகள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மேலே வரும் சின்னக் கிளப் ஒவ்வொன்றும் இந்த இடத்தில்தான் இடறும். ஏப்ரல் கடைசியில் முன்னேற்றம் உறுதியாகும். 2016-இல் குரோத்தோனேவுக்கு அது ஏப்ரல் 29, மொதேனாவில் 1-1 டிரா. லீக் தொடங்குவது ஆகஸ்ட் மூன்றாம் வாரம். இடையில் இருப்பது நாலு மாதத்துக்கும் குறைவு. அதற்குள் டெண்டர், அனுமதி, விளக்குக் கம்பம், கேமரா மேடை எல்லாம் முடியாது. முன்னேறும் வாய்ப்பு பிப்ரவரியிலேயே தெரிகிற கிளப், அப்போதே கட்டுமானத்துக்கான கோப்பை நகர்த்தத் தொடங்க வேண்டும். முன்னேறாமல் போனால் போகிற பணம் வரைபடச் செலவுதான். முந்தைய வருடம் கார்ப்பி இந்தத் தொல்லையே வேண்டாமென்று சீசன் முழுக்கப் பக்கத்து ஊரான மொதேனாவில் ஆடியது. தூரம் குறைவு என்பதால் அவர்களுக்குக் கட்டுப்படியானது. 500 கிலோமீட்டர் அப்படி ஆகாது.

பணத்தின் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அன்றைய இத்தாலியச் சட்டப்படி தொலைக்காட்சிப் பணத்தில் 40 சதவீதம் எல்லாருக்கும் சமம். 30 சதவீதம் ஆட்ட முடிவுகளுக்கு: போன சீசனுக்கு 5, கடந்த ஐந்து சீசனுக்கு 15, 1946 முதலான வரலாற்றுக்கு 10. மீதி 30 ரசிகர் பலத்துக்கு: ரசிகர் எண்ணிக்கைக்கு 25, ஊரின் மக்கள்தொகைக்கு 5. குரோத்தோனே போன்ற அணிக்கு அந்த 40-இல் வரும் சமபங்குதான் சோறு. மற்ற எல்லாக் கட்டத்திலும் கடைசி வரிசை. 2018-19 முதல் சமபங்கு 50 சதவீதமாக உயர்ந்தது. இவர்கள் முதல்முறை மேலே இருந்த இரண்டு வருடமும் பழைய கணக்குதான். கீழே இறங்குகிறவர்களுக்கு ‘பாராசூட்’ தொகை உண்டு. அதிலும் ஏற்றத்தாழ்வு: ஒரே வருடம் மேலே இருந்துவிட்டு இறங்கினால் 1 கோடி யூரோ, சில வருடம் நிலைத்திருந்துவிட்டு இறங்கும் அணிக்கு 2.5 கோடி வரை. புதிதாக வந்தவன் விழுந்தால் விரிகிற துணியும் சிறியது. ஆகவே முதல் வருடச் சம்பள ஒப்பந்தங்களில் ‘கீழே இறங்கினால் சம்பளம் இவ்வளவு குறையும்’ என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். அந்த வரி இல்லாமல் கையெழுத்திட்ட கிளப்புகள் இரண்டாம் டிவிஷனில் முதல் டிவிஷன் சம்பளம் கொடுத்துத் தத்தளிப்பதை இத்தாலியில் அடிக்கடி பார்க்கலாம்.

இந்த வருமானத்தில் அணி கட்ட ஒரே வழி லோன், அதாவது வேறு கிளப்பின் ஆட்டக்காரரை இரவல் வாங்குவது. குரோத்தோனே இதில் பழுத்த கிளப். ரோமாவின் ஃப்ளோரென்ஸியும் ஃபியோரன்டினாவின் பெர்னார்தெஸ்கியும் இருபது வயதை ஒட்டி இங்கே இரண்டாம் டிவிஷனில் ஆடிப் பழகிப் போனவர்கள். கிளப்பின் விளையாட்டு இயக்குநர் உர்சினோ இந்த வேலையைப் பல வருடமாகச் செய்துவந்தவர். பெரிய கிளப்பின் இளைஞனுக்கு நாங்கள் ஆட இடம் தருகிறோம், சம்பளத்தில் பெரும்பங்கை நீங்கள் கொடுங்கள் என்பது இந்த வியாபாரத்தின் சாரம். 2016 கோடையில் இரண்டு பெரிய இழப்புகள். முன்னேற்றத்துக்குக் காரணமான கோச் யூரிச் ஜெனோவாவுக்குப் போனார். 16 லீக் கோல் அடித்த புடிமிர் சம்ப்டோரியாவுக்கு விற்கப்பட்டார். கோச்சாக வந்தவர் தாவிதே நிக்கோலா. முன்வரிசைக்கு சாசுவோலோவிடமிருந்து லோனில் வந்தவர்கள் ஃபால்சினெல்லியும் துரோத்தாவும்.

லோனில் மூன்று வகையைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். வெறும் லோன்: சீசன் முடிந்ததும் ஆள் திரும்பிப் போவார். வாங்கும் உரிமையோடு லோன்: முன்பே பேசிய விலைக்கு நீங்கள் வாங்கலாம்; ஆனால் சொந்தக் கிளப் ‘எதிர் உரிமை’ எழுதிவைத்திருந்தால் அவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துத் திரும்பப் பறித்துக்கொள்ளலாம். கட்டாயக் கொள்முதலோடு லோன்: பெரும்பாலும் ‘டிவிஷனில் நிலைத்தால்’ என்ற நிபந்தனையோடு வரும். முதல் வகை வாடகை வீட்டுக்குச் சொந்தக் காசில் வெள்ளையடிப்பதுதான். வேறு வழியில்லாதபோது அதையும் செய்துதான் ஆகவேண்டும். 25 பேர் பட்டியல் விதியையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நாலு இடம் கிளப்பிலேயே வளர்ந்தவர்களுக்கு, நாலு இடம் இத்தாலியில் வளர்ந்தவர்களுக்கு. சொந்த அகாடமி ஆட்கள் நாலு பேர் இல்லையென்றால் அந்த இடம் காலியாகவே கிடக்கும். இளையோர் வயது வரம்புக்குள் இருப்பவர்கள் பட்டியலுக்கு வெளியே எத்தனை பேர் வேண்டுமானாலும் ஆடலாம். சின்னக் கிளப்புகள் இளைஞர்களை லோனில் எடுப்பதற்கு விலை மட்டும் காரணமில்லை.

இனி அந்த முதல் 29 ஆட்டங்கள். 21 தோல்வி என்பது கண்ணில் படுகிற எண். அந்த 21-இல் 12 ஒரே கோல் வித்தியாசம் என்பது கண்ணில் படாதது. போலோன்யாவிடம் இரண்டு முறையும் 0-1. காலியாரியிடம் இரண்டு முறையும் 1-2. எம்போலி, சாசுவோலோ, நபோலி, மிலான் ஆகியோரிடம் தலா 1-2. லாசியோ, பலேர்மோ, அட்டலாண்டா, ஃபியோரன்டினாவிடம் தலா 0-1. மிக மோசமான தோல்வி ரோமாவில் 0-4. அதற்குமேல் யாரும் அடிக்கவில்லை. வாராவாரம் 0-4, 1-5 என்று நொறுங்கும் அணியும், வாராவாரம் 0-1 என்று தோற்கும் அணியும் புள்ளிப் பட்டியலில் ஒரே வரிசையில்தான் தெரியும். கோச்சை மாற்றலாமா என்று நிர்வாகம் யோசிக்கும்போது பார்க்க வேண்டியது தோல்வியின் எண்ணிக்கையை விட அதன் அளவை.

நிக்கோலாவை வைத்துக்கொண்டது இப்படித்தான் நியாயமாகிறது. அதே சீசனில் பலேர்மோ ஐந்து கோச்களைப் பார்த்து 26 புள்ளியோடு இறங்கியது. பெஸ்காரா நடுவில் ஓத்தோவை அனுப்பி செமானைக் கூட்டிவந்து 18 புள்ளியோடு அடியில் முடிந்தது. ‘கோச்சை மாற்றாதே, தப்பிப்பாய்’ என்று இதை வைத்துச் சூத்திரம் எழுதுகிறவர்களுக்கு ஒரு தகவல்: எம்போலியும் தன் கோச்சைக் கடைசிவரை மாற்றவில்லை, அவர்கள்தான் இறங்கினார்கள். எம்போலிக்கு வந்த நோய் வேறு. 38 ஆட்டத்தில் அடித்த கோல் 29 மட்டும். அந்த நிலையிலும் ஜனவரியில் தன் சிறந்த படைப்பாளி சப்போனாராவை ஃபியோரன்டினாவுக்கு விற்றது. குரோத்தோனேவும் ஜனவரியில் பல்லதினோவை ஜெனோவாவிடம் இழந்தது. கிளப்பின் முதல் சீரி ஏ கோலை அடித்தவர் அவர். ஆனால் கோல் எண்ணிக்கையைத் தாங்கி நின்ற ஃபால்சினெல்லி மீது கை வைக்கவில்லை. அந்த ஜனவரி 29-ஆம் தேதியே எம்போலிக்கு எதிராக அவர் மூன்று கோல் அடித்தார், 4-1. சீசன் முடிவில் அவர் கணக்கு 13, அணி மொத்தம் 34.

யாரிடமிருந்து புள்ளி வந்தது என்பதைப் பிரித்துப் பார்ப்பது இன்னும் சுவாரசியம். முதல் நாலு இடத்தில் முடிந்த ஜுவென்டஸ், ரோமா, நபோலி, அட்டலாண்டா ஆகியோரோடு 8 ஆட்டம்: பூஜ்யம் புள்ளி, அடித்தது 2 கோல், வாங்கியது 20. இந்த எட்டையும் அப்படியே எழுதித் தள்ளிவிடலாம். இவற்றில் ஆளைக் களைப்பாக்காமல், மஞ்சள் அட்டை சேர்க்காமல் வெளியே வந்தால் போதும். தங்களோடு அடியில் இருந்த ஜெனோவா, எம்போலி, பலேர்மோ, பெஸ்காராவோடு 8 ஆட்டம்: 11 புள்ளி. அதில் பெஸ்காராவிடம் மட்டும் 6. நடுவில் இருந்தவர்களிடம் மீதி 23. கியேவோவிடம் 6, சம்ப்டோரியாவிடம் 4. போலோன்யா, காலியாரியிடம் ஒன்றும் கிடைக்கவில்லை. அடிமட்ட எதிரிகளோடு 11 என்பது நல்ல எண்கூட இல்லை. ‘ஆறு புள்ளி ஆட்டம்’ என்று ஊரே பேசுகிற ஆட்டங்களைவிட, நடு வரிசை அணிகளோடு ஆடிய சத்தமில்லாத ஆட்டங்கள்தான் இவர்களைக் கரை சேர்த்தன.

ஏப்ரலில் நடந்தது அதன் தொடர்ச்சி. வரிசை இது: கியேவோவில் 2-1, சொந்த ஊரில் இன்டரை 2-1, டொரினோவில் 1-1, சம்ப்டோரியாவில் 2-1, சொந்த ஊரில் மிலானோடு 1-1, பெஸ்காராவில் 1-0, சொந்த ஊரில் உதினேசேயை 1-0, ஜுவென்டஸிடம் 0-3, கடைசியாக லாசியோவை 3-1. அடித்தது 13, வாங்கியது 9. அந்த ஒன்பதிலும் மூன்று, ஆறாவது தொடர் பட்டத்தை உறுதி செய்துகொண்டிருந்த ஜுவென்டஸ் அடித்தவை. மற்ற எட்டு ஆட்டத்திலும் ஒன்றுக்குமேல் கோல் வாங்கவே இல்லை.

எதிரிகளை மறுபடி பாருங்கள். சீசன் முடிவில் டொரினோ 9, சம்ப்டோரியா 10, உதினேசே 13, கியேவோ 14-ஆவது இடம். மேலே ஐரோப்பிய இடமும் எட்டாது, கீழே இறக்கமும் தொடாது. இத்தாலியில் ஏப்ரல் வந்தால் இப்படிப்பட்ட அணிகளின் கால் தானாக மெதுவாகும். இன்டர் அப்போது சரிவின் தொடக்கத்தில் இருந்தது. மே மாதம் கோச்சையே அனுப்பியது. கடைசி நாள் வந்த லாசியோவுக்குக் குறைந்தது ஐந்தாம் இடம் ஏற்கெனவே உறுதியாகிவிட்டது. லீக் அட்டவணை வெளியாகும்போதே கடைசி ஒன்பது ஆட்டங்களைத் தனியே வெட்டி ஒட்டிவைத்துக்கொள்வது நல்ல பழக்கம். பிப்ரவரியில் அதை எடுத்து, யாருக்கு இனி நோக்கம் இருக்கும், யாருக்கு இருக்காது என்று பென்சிலால் குறித்தால், எத்தனை புள்ளி பின்தங்கினாலும் துரத்தலாம் என்பது ஓரளவு தெரியும். ஓரளவுதான். கடைசி நாளில் எம்போலி போன இடம், ஏற்கெனவே இறங்கிவிட்ட பலேர்மோ. நோக்கமே இல்லாத அணி. அதுதான் 2-1 என்று எம்போலியைக் கவிழ்த்தது.

ஆள் கணக்கில் இன்னொன்று. நிக்கோலா நிலைப்படுத்திய 4-4-2 அமைப்பு (பின்னால் நாலு, நடுவில் நாலு, முன்னால் இரண்டு பேர்) எளிமையானது. இரண்டு வரிசையும் நெருக்கமாக நின்று நடுவில் பந்து போக விடாமல் ஓரங்களுக்குத் தள்ளுவது, பந்தைப் பிடித்ததும் நேராக முன்வரிசை இருவரை நோக்கி அனுப்புவது. இதற்கு ஓரத்தில் ஓடும் இருவரும் சாகாமல் ஓட வேண்டும். ரோடேனும் நலினியும் ஸ்தோயனும் செய்தது அதைத்தான். நலினி கீழ் டிவிஷன்களிலிருந்து தாமதமாக மேலே வந்தவர். லாசியோ ஆட்டத்தின் மூன்று கோலில் இரண்டு அவருடையது. பெரும்பாலும் மாற்று ஆளாக இறங்கிய நைஜீரிய ஸ்ட்ரைக்கர் சிமி, டொரினோவில் டிராவுக்கான கோலையும் சம்ப்டோரியாவில் ஒரு கோலையும் அடித்தார். பின்னால் கோல்கீப்பர் கோர்தாஸ், அப்போது 34 வயது. பதினோரு பேரைத் தேற்றிவிட்டு மாற்று இருக்கையை மறந்துவிடும் சின்னக் கிளப்புக்கு ஏப்ரலில் இந்த 3 புள்ளி வந்திருக்காது.

மே 28 கணக்கு. ஆட்டத்துக்கு முன் எம்போலி 32, குரோத்தோனே 31. எம்போலி வென்றால் கதை முடிந்தது. எம்போலி டிரா செய்தால் குரோத்தோனே வென்றே ஆகவேண்டும். எம்போலி தோற்றால் இவர்களுக்கு டிராவே போதும். ஏனென்றால் 32-32 என்று சமமானால் அன்றைய விதிப்படி இருவரும் ஆடிய இரண்டு ஆட்டங்களைப் பார்ப்பார்கள். அங்கே 1-2 தோற்று இங்கே 4-1 வென்றதில் குரோத்தோனேதான் மேல். ஜனவரியில் ஜெயித்தது தெரிந்த பிறகும் மூன்றாவது, நாலாவது கோலுக்குப் போனதன் பயன் இப்படித்தான் மே மாதம் வந்து நிற்கும். 2022-23 முதல் விதி மாறிவிட்டது; 17-ஆவது இடத்துக்கு இரண்டு அணி சமமானால் தனி ஆட்டம். 2023 ஜூனில் வெரோனா ஸ்பெசியாவை 3-1 என்று வென்று தப்பித்தது அப்படி.

தப்பித்தால் டுரினுக்குச் சைக்கிளில் போவேன் என்று நிக்கோலா சொல்லியிருந்தார். ஜூனில் சுமார் 1,300 கிலோமீட்டர் மிதித்துப் போனார். உலகம் இந்த சீசனை நினைவில் வைத்திருப்பது அந்தச் சைக்கிளால். அவர் பின்னாளில் ஜெனோவா, டொரினோ, சலெர்னித்தானா, எம்போலி என்று வரிசையாக இறக்கத்திலிருந்து மீட்டதைப் பார்த்தால், சைக்கிளைவிட கோச்சிங்கைப் பற்றி அதிகம் பேசியிருக்க வேண்டும்.

34 புள்ளி எடுத்தால் தப்பிக்கலாம் என்று யாரும் குறித்துக்கொள்ள வேண்டாம். முந்தைய வருடம் கார்ப்பி 38 புள்ளி எடுத்தும் ஒரே புள்ளியில் இறங்கியது. 2019-20-இல் லெச்சே 35 எடுத்து இறங்கியது. 2021-22-இல் சலெர்னித்தானா 31-லேயே தப்பியது. 2023-24-இல் ஃப்ரோசினோனே 35-இல் இறங்க, எம்போலி 36-இல் நின்றது. ‘40 புள்ளி’ என்ற பழைய இலக்கு கோச்கள் பேட்டியில் சொல்வதற்கு. உண்மையான இலக்கு உங்களுக்குக் கீழே மூன்று பேர். பெஸ்காராவும் பலேர்மோவும் சீக்கிரமே உடைந்ததால் 2017-இல் குரோத்தோனேவுக்கு ஒரே ஒரு அணியைப் பிடித்தால் போதும் என்றானது.

அடுத்த வருடம் குரோத்தோனே 35 புள்ளி எடுத்தது, முதல் வருடத்தைவிட ஒன்று அதிகம். இறங்கியது, ஸ்பால் 38-இல் தப்பியது. லோன் கணக்கின் ரசீது வந்த வருடம் அது. 13 கோல் அடித்த ஃபால்சினெல்லி சாசுவோலோவுக்குத் திரும்பிவிட்டார். பின்வரிசையின் நடுவில் நின்ற ஃபெராரியும் மிட்ஃபீல்டர் கபெத்சியும் சம்ப்டோரியாவில் ஆடினார்கள். நிக்கோலா டிசம்பரில் தானே விலக, செங்கா வந்தார். ஏப்ரலில் ஜுவென்டஸுக்கு எதிராகச் சிமி அடித்த தலைகீழ் உதை கோல் 1-1 என்ற புகழைத் தந்தது, பிழைப்பைத் தரவில்லை. 2020-21-இல் இரண்டாவது முறை மேலே வந்தபோது நிலைமை தலைகீழ்: சிமி ஒருவரே 20 கோல் அடித்தார், அணி வாங்கியது 92, புள்ளி 23.